எதிர்காலத் தொழில்நுட்ப நம்பிக்கையும் சமய நம்பிக்கையும்: ரஷ்யப் பிரபஞ்சவாத வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எதிர்காலத் தொழில்நுட்பத்தின்மீது கொள்ளும் நம்பிக்கை சமய நம்பிக்கையை ஒத்தது என்னும் கருத்து, இருபதாம் நூற்றாண்டின் வரலாற்று மெய்யியலில் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ரஷ்யப் பிரபஞ்சவாதம் என்னும் சிந்தனை மரபையும் அதனை அடுத்துத் தோன்றிய கடவுள் நிர்மாணவாதத்தையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஃபியோதரவ், சியோல்கோவ்ஸ்கி, லுனச்சார்ஸ்கி, போக்தானவ், கிராசின் ஆகியோரின் சிந்தனையும் செயலும், 1961-ஆம் ஆண்டின் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சித் திட்டமும் ஆய்வெல்லையாகின்றன. வெளித்தோற்ற ஒப்புமை எளிதில் கிடைப்பது. வாக்குறுதியின் பயனிலிருந்து யார் விலக்கப்படுகிறார்கள், காலக்கெடு தவறும்போது வாக்குறுதி என்னவாகிறது என்னும் வினாக்களே ஒப்புமையின் மெய்ம்மையை அளக்க உதவுவன எனக் கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பிரபஞ்சவாதம், கடவுள் நிர்மாணவாதம், உயிர்த்தெழுப்புதல், இறுதிக்காலவியல், முன்னேற்றம், லெனின் நினைவகம்.

முன்னுரை

கார்ல் லோவித் 1949-இல் வெளியிட்ட ‘வரலாற்றின் பொருள்’ என்னும் நூல், முன்னேற்றம் பற்றிய நவீன ஐரோப்பியக் கருத்து கிறித்தவ இறுதிக்கால எதிர்பார்ப்பின் உலகியல் வடிவமே என்று நிறுவ முயன்றது. இறைவனின் அரசு இருந்த இடத்தில் வருங்காலச் சமுதாயம் வந்தமர்ந்தது என்பது அதன் சாரம். ஹான்ஸ் புளூமன்பெர்க் 1966-இல் இதனை மறுத்தார். சமயத்தின் உட்பொருள் அப்படியே இடம்பெயர்ந்து வரவில்லை. சமயம் எழுப்பிவிட்டுச் சென்ற வினாக்கள் விடையின்றி நின்றன, அவ்வெற்றிடத்தை நிரப்பும் கட்டாயம் நவீனச் சிந்தனைக்கு ஏற்பட்டது என்பது அவர் தரப்பு. டேவிட் நோபிள் 1997-இல் எழுதிய ‘தொழில்நுட்பத்தின் சமயம்’ லோவித்தின் வழியைத் தொழில்நுட்ப வரலாற்றுக்குள் கொண்டுசென்றது. இடைக்காலத் துறவு மடங்கள் தொடங்கி விண்வெளிப் பயணம்வரை ஒரே சமய உந்துதல் தொடர்வதாக அந்நூல் காட்ட முனைகிறது.

இவ்விவாதத்தைத் தமிழில் தொடங்கும்போதே ஒரு சொற்சிக்கல் எழுகிறது. ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல் தமிழில் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. நாளை மழை வரும் என்று கருதுவதும் நம்பிக்கை. கடன் வாங்கியவர் திருப்பித் தருவார் என்று கொள்வதும் நம்பிக்கை. தெய்வம் உண்டென்று தெளிவதும் நம்பிக்கை. கிறித்தவத் தமிழ் இவற்றுள் கடைசியானதைப் பிரித்துக் காட்ட ‘விசுவாசம்’ என்னும் சொல்லைக் கையாண்டது. தொழில்நுட்ப நம்பிக்கை இம்மூன்றனுள் எது என்று கேளாமலே அதனைச் சமய நம்பிக்கை என்று கூறிவிடுவது, சொல்லின் பொதுமையைப் பொருளின் ஒற்றுமையாக எடுத்துக்கொள்வதாகும். ஒப்புமை பேசும் பல எழுத்துகளில் இக்குறை உண்டு. தொழில்நுட்ப ஆர்வலர்களை எள்ளுவதற்காகவே ‘அதுவும் ஒரு மதம்தான்’ என்று சொல்லப்படும்போது, அங்கே ஆய்வு நின்று வசை தொடங்கிவிடுகிறது.

ஆகவே, சமயமும் தொழில்நுட்ப எதிர்பார்ப்பும் உண்மையாகவே ஒன்றையொன்று தொட்ட ஒரு வரலாற்றுக் களத்தை எடுத்துக்கொள்வது பயனுடையது. 1870-களுக்குப் பிந்திய ரஷ்யா அத்தகைய களம்.

ஃபியோதரவ்: எழுதலும் எழுப்புதலும்

நிக்கொலாய் ஃபியோதரோவிச் ஃபியோதரவ் 1829-இல், இளவரசர் பாவெல் ககாரினின் மணவழிப் பிறவாத மகனாகப் பிறந்தார். மாவட்டப் பள்ளிகளில் வரலாறும் புவியியலும் கற்பித்தபின், 1874 முதல் 1898 வரை மாஸ்கோ ருமியாந்த்செவ் அருங்காட்சியக நூலகத்தில் பணியாற்றினார். ஊதியத்தின் பெரும்பகுதியை வறியோர்க்கு வழங்கினார், தேநீரும் ரொட்டியும் உணவு, பெட்டியொன்றே படுக்கை. கருத்துக்கு உடைமையாளர் இருத்தல் தகாது என்று கருதியதால் தம் பெயரில் நூல் வெளியிடவில்லை. 1903-இல் அவர் இறந்தபின், மாணாக்கர்களான பீட்டர்சனும் கொஜேவ்னிக்கவும் அவர் எழுத்துகளைத் தொகுத்தனர். ‘பொதுப்பணியின் மெய்யியல்’ என்னும் அத்தொகுப்பின் முதல் தொகுதி 1906-ஆம் ஆண்டு வெர்னி நகரில் (இன்றைய அல்மாட்டி) 480 படிகள் அச்சாயிற்று. படிகள் விற்பனைக்கல்ல எனக் குறிக்கப்பட்டு இலவசமாக அனுப்பப்பட்டன. இரண்டாம் தொகுதி 1913-இல் மாஸ்கோவில் வெளிவந்தது.

அவர் முன்வைத்த ‘பொதுப்பணி’ இறந்தோர் அனைவரையும் உயிர்த்தெழுப்புதல் ஆகும். உருவகமாக அன்று, உடலோடு. மாந்தர் தம் அறிவியல் அனைத்தையும் ஒருமுகப்படுத்தி, தந்தையரின் உடல்துகள்களைத் திரட்டி, மக்கள் கைகளாலேயே தந்தையரை மீட்க வேண்டும். மீட்கப்பட்ட தலைமுறைகள் வாழப் பூமி போதாது, ஆதலால் பிற கோள்களுக்குச் செல்ல வேண்டும். விண்வெளிப் பயணம் என்னும் எண்ணம் இங்கே இடநெருக்கடிக்குத் தீர்வாகத் தோன்றுகிறது என்பது நோக்கத்தக்கது. சாகசமோ ஆதிக்கமோ அதன் காரணம் அன்று. நீத்தார் கடனே காரணம்.

ரஷ்ய மொழியில் ‘வஸ்க்ரெசேனியே’ என்பது தானே உயிர்த்தெழுதலையும், ‘வஸ்க்ரெஷேனியே’ என்பது பிறரை உயிர்த்தெழுப்புதலையும் குறிக்கும். ஓரெழுத்து வேறுபாடுதான். தமிழிலும் ‘எழுதல்’ தன்வினை, ‘எழுப்புதல்’ பிறவினை. ஃபியோதரவின் சிந்தனை முழுவதும் இத்தன்வினையைப் பிறவினையாக்கியதில் அடங்கியுள்ளது எனலாம். திருச்சபை இறுதி நாளில் இறந்தோர் எழுவர் என்று காத்திருந்தது. ஃபியோதரவோ அவர்களை எழுப்புவது மாந்தரின் கடமை, இறைவன் அதனை மாந்தர் வழியாகவே நிறைவேற்ற விரும்புகிறான் என்றார். வழிபாடு கோயிலுக்குள் முடிந்துவிடலாகாது. கோயிலுக்கு வெளியே, ஆய்வுக்கூடத்திலும் வயலிலும் கல்லறை நிலத்திலும் அது தொடர வேண்டும்.

இக்கருத்துக்கு அவர் தரும் இறையியல் ஆதாரம் நுட்பமானது. திருவெளிப்பாட்டில் கூறப்படும் உலக அழிவு மாற்றவியலாத விதியன்று, நிபந்தனைக்கு உட்பட்ட எச்சரிக்கையே என்பது அவர் கொள்கை. யோனா இறைவாக்கினர் நினிவே அழியும் என்று அறிவித்தார், நகரத்தார் மனம் மாறினர், அழிவு நீங்கிற்று. அவ்வாறே மாந்தர் ஒன்றுபட்டு உழைத்தால் இறுதித் தீர்ப்பும் தவிர்க்கப்படும். இங்கு எதிர்காலம் முன்னறிவிக்கப்பட்ட நிகழ்ச்சியாக இல்லை. செய்யவேண்டிய வேலையாக உள்ளது. தொழில்நுட்ப நம்பிக்கைக்கும் சமய நம்பிக்கைக்கும் இடையே வழக்கமாகக் காட்டப்படும் ஒப்புமை, இரண்டும் வரப்போகும் ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன என்பதாகும். அவ்வொப்புமை ஃபியோதரவிடம் பொருந்தாது. அவர் காத்திருத்தலையே பாவமாகக் கருதினார்.

1891-ஆம் ஆண்டின் வறட்சியும் பஞ்சமும் அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸில் ராபர்ட் டைரன்போர்த் என்பவர் வெடிமருந்துகளை வெடித்து மழை வருவிக்க அரசுச் செலவில் சோதனைகள் நடத்தினார். அச்செய்தி ஃபியோதரவைக் கிளர்ச்சியுறச் செய்தது. போர்க்கருவிகள் மழைக்கருவிகளாகலாம், படைகள் ஒருவரையொருவர் கொல்வதை விட்டு இயற்கையின் குருட்டு ஆற்றலை நெறிப்படுத்தலாம் என அவர் எழுதினார். டைரன்போர்த்தின் சோதனைகள் பயனளிக்கவில்லை. ஃபியோதரவின் வாதம் அதனால் தளரவுமில்லை. சமய நம்பிக்கையோடு ஒப்புமை காண விழைவோர் சுட்டத்தக்க இடம் இதுவே: சான்று பொய்த்தபோதும் கடமை பொய்க்கவில்லை.

தஸ்தயேவ்ஸ்கி, பீட்டர்சன் அனுப்பிய சுருக்கத்தின் வாயிலாக இக்கருத்துகளை அறிந்து, 1878 மார்ச் 24 அன்று பதில் எழுதினார். பெயர் குறிப்பிடப்படாத அச்சிந்தனையாளர் உயிர்த்தெழுப்புதலை நேர்ப்பொருளில் கூறுகிறாரா, உருவகமாகக் கூறுகிறாரா என்பதே அவர் முதன்மையாக எழுப்பிய ஐயம். தாமும் விளதீமிர் சொலவியோவும் நேர்ப்பொருளிலேயே நம்புவதாகவும் அவர் தெரிவித்தார். ஆயினும் திருச்சபை மரபில் நின்றோர் இச்சிந்தனையை ஏற்றனர் என்று கொள்ள முடியாது. கியோர்கி ஃபுளோரோவ்ஸ்கி 1937-இல் பாரிசில் வெளியிட்ட ‘ரஷ்ய இறையியலின் பாதைகள்’ நூலில், ஃபியோதரவின் உலகநோக்கு கிறித்தவமே அன்று என்று தீர்ப்பளித்தார். அருள் என்னும் கருத்துக்கு அங்கே இடமில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் மையம். ஒப்புமை தேடும் ஆய்வாளர் இதனை எளிதில் கடந்துபோக முடியாது. சமயத்திற்குள்ளிருந்தே எழுந்த தொழில்நுட்ப நம்பிக்கையைச் சமயவாணரே சமயமன்று என்று விலக்கியிருக்கிறார்.

முன்னேற்றமும் முன்னோரும்

ஃபியோதரவின் பங்களிப்பில் இன்றும் கூர்மை மழுங்காத பகுதி, முன்னேற்றம் பற்றிய அவரது கண்டனம். முன்னேற்றம் என்பது மக்கள் தந்தையரைவிடத் தாம் உயர்ந்தவர் என்று கருதும் மனநிலை. இறந்தோரின் உழைப்பை உண்டு, அவர்களை மறந்து, உயிரோடிருப்போர் மட்டும் இன்புறும் ஏற்பாடு. வருங்காலத் தலைமுறை நலமாக வாழும் என்னும் வாக்குறுதி, அதற்காக மாய்ந்தவர்களுக்கு எந்த ஈட்டையும் தருவதில்லை.

இக்கேள்வியை அவருக்கு முன்பே அலெக்சாந்தர் ஹெர்சன் எழுப்பியிருந்தார். 1848-ஆம் ஆண்டுப் புரட்சிகளின் தோல்விக்குப்பின் எழுதிய ‘மறு கரையிலிருந்து’ என்னும் நூலில், இன்று வாழ்வோரைப் பிறர் ஆடிக்களிக்கும் மேல்தளத்தைத் தாங்கும் கற்சிலைகளாக்கும் முன்னேற்றத்தை அவர் நரபலி கேட்கும் மோலோக்குக்கு ஒப்பிட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமாசவும் இதே வினாவை வேறு சொற்களில் கேட்கிறான். ஹெர்சனின் விடை நிகழ்காலத்தை அதன் பொருட்டே வாழ்தல். ஃபியோதரவின் விடையோ எவரையும் விட்டுவிடாத எதிர்காலம். இறந்தோரும் பங்குபெறாத எதிர்காலம் அறமுடையதாகாது என்றால், அறத்தின் தேவையே உயிர்த்தெழுப்பும் தொழில்நுட்பத்தைக் கோருகிறது. இவ்விடத்தில் நம்பிக்கை ஆசையிலிருந்து பிறக்கவில்லை; நீதியுணர்வின் கட்டாயத்திலிருந்து பிறக்கிறது. யூத, கிறித்தவ மரபுகளில் உயிர்த்தெழுதல் கோட்பாடு வேரூன்றியதும் பெருமளவு இதே காரணத்தால்தான்: மறைச்சாட்சியாய் மாண்டவர்க்கு நீதி எங்கே என்னும் வினா. ஒப்புமை ஆழம் பெறும் இடம் இது.

சியோல்கோவ்ஸ்கி: சமன்பாடும் அணுக்களும்

கன்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி (1857–1935) சிறுவயதில் செம்புள்ளிக் காய்ச்சலால் கேட்கும் திறனைப் பெரிதும் இழந்தவர். 1873-இல் பதினாறு வயதில் மாஸ்கோ சென்று, செர்த்கவ் நூலகத்தில் தாமே கற்றார். அங்குப் பணியாற்றிய ஃபியோதரவ் அவருக்கு நூல்கள் எடுத்துத் தந்து உதவினார். இச்சந்திப்பை வைத்து, விண்வெளிப் பயண எண்ணம் ஃபியோதரவிடமிருந்து நேராக வந்தது என்று எழுதுவோர் உளர். சியோல்கோவ்ஸ்கியின் நினைவுக்குறிப்புகள் அதற்கு இடந்தரவில்லை. நூலகரின் கருணையை அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார். அவருடைய மெய்யியலை நெடுங்காலம் கழித்தே அறிந்ததாகவும் கூறுகிறார். கவர்ச்சியான குரு–சீடர் கதையைவிட இச்சாதாரண உண்மையே ஆய்வுக்கு உகந்தது.

அவரது புகழுக்குக் காரணமான கட்டுரை 1903-இல் வெளிவந்தது. ஏவூர்தியின் வேகம், வெளியேறும் வளிமத்தின் வேகத்தையும் தொடக்க, இறுதி நிறைகளின் விகிதத்தையும் எவ்வாறு சார்ந்துள்ளது என்பதை அதில் இடம்பெற்ற சமன்பாடு காட்டியது. இச்சமன்பாட்டோடு ஒரு மெய்ப்பொருளியலும் அவரிடம் இருந்தது. 1925-இல் கலுகா நகரில் வெளியிட்ட ‘பிரபஞ்சத்தின் ஒருமைவாதம்’ என்னும் சிறுநூலில், ஒவ்வோர் அணுவும் உணர்வின் முளையை உடையது. உயிரி இறந்தபின் அணுக்கள் சிதறி மீண்டும் வேறு உயிரிகளில் சேரும். இடைப்பட்ட காலம் உணரப்படாததால் அணுவுக்கு மரணமே இல்லை என்று வாதிட்டார். வளர்ச்சியுற்ற உயிர்கள் பிரபஞ்சத்தின் பெரும்பகுதியில் துன்பத்தை ஒழித்துவிட்டன. ஆகவே அணுவின் வருங்கால வாழ்வு இன்பமயமானது என்றும் முடிவு கண்டார்.

இந்த இன்பமயம் ஒரு விலையோடு வருகிறது. துன்புறும் தாழ்நிலை உயிர்களை வலியின்றி நீக்கிவிடுவது, தோட்டக்காரர் களை பறிப்பது போன்ற நற்செயல் என்று சியோல்கோவ்ஸ்கி கருதினார். ஃபியோதரவின் எதிர்காலத்தில் எவரும் விடுபடுவதில்லை. சியோல்கோவ்ஸ்கியின் எதிர்காலத்தில் குறைபாடுடையவை இடம்பெறுவதில்லை. இருவரையும் ‘பிரபஞ்சவாதிகள்’ என்று ஒரே பெயரால் அழைப்பது பிற்கால வழக்கு. அவ்வழக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஏவூர்திச் சமன்பாடு அணுக்களின் உணர்வைச் சார்ந்து நிற்கவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. அணுவுக்கு உணர்வில்லை என்போரும் அதே சமன்பாட்டைக் கொண்டு ஏவூர்தி செலுத்தலாம், செலுத்தினர். ஒருவரைக் கண்டுபிடிப்புக்குத் தூண்டிய நம்பிக்கை சமயத் தன்மையது என்பதால் கண்டுபிடிப்பும் சமயத் தன்மையது ஆகிவிடாது. நோபிளின் நூல் தடுமாறும் இடம் இதுவே. தூண்டுதலின் வரலாற்றையும் நிரூபணத்தின் வரலாற்றையும் அது போதிய அளவு பிரித்துக் காணவில்லை. சோவியத் அரசு தன் வழியில் இப்பிரிப்பைச் செய்தது. சமன்பாட்டை எடுத்துக்கொண்டு அதன் ஆசிரியரைக் கொண்டாடியது. அவருடைய மெய்யியல் சிறுநூல்கள் சோவியத் காலத்தில் பெரும்பாலும் மறுபதிப்புக் காணவில்லை.

கடவுள் நிர்மாணவாதம்

1905-ஆம் ஆண்டுப் புரட்சியின் தோல்விக்குப்பின் போல்ஷெவிக்குகளிடையே எழுந்த போக்கு மற்றொரு வகையைச் சார்ந்தது. அனத்தோலி லுனச்சார்ஸ்கி ‘சமயமும் சோஷலிசமும்’ என்னும் நூலை 1908, 1911 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். கடவுள் இல்லை, ஆயினும் சமய உணர்வு உண்டு, அவ்வுணர்வை வருங்கால மனிதகுலத்தின் ஆற்றல்மீது திருப்பலாம் என்பது அவர் நிலைப்பாடு. மக்சீம் கார்க்கியின் ‘பாவமன்னிப்பு’ நாவல் (1908) மக்கள்திரளின் ஒன்றுபட்ட விருப்பாற்றலால் முடங்கிய பெண்ணொருத்தி எழுந்து நடக்கும் காட்சியை நோக்கிச் செல்கிறது. கடவுளைத் தேடவேண்டியதில்லை, கட்டலாம் என்னும் இக்கொள்கைக்குக் கடவுள் நிர்மாணவாதம் என்று பெயர் வழங்கிற்று.

லெனின் இதனை இரக்கமின்றி எதிர்த்தார். 1909 ஜூனில் பாரிசில் கூடிய ‘புரொலித்தாரி’ இதழின் விரிவாக்கப்பட்ட ஆசிரியர் குழு இப்போக்கைக் கண்டித்தது. 1913-இல் கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில், கடவுளைத் தேடுவோர்க்கும் கட்டுவோர்க்கும் உள்ள வேறுபாடு மஞ்சள் பேய்க்கும் நீலப் பேய்க்கும் உள்ள வேறுபாடே என்று லெனின் எள்ளினார். தொழில்நுட்ப நம்பிக்கை ஒரு மாறுவேடச் சமயம் என்னும் குற்றச்சாட்டைத் தெளிவாக முன்வைத்தவர்களுள் லெனினும் ஒருவர் என்பது வரலாற்றின் நகைமுரண். ஆனால் லுனச்சார்ஸ்கி எதையும் மாறுவேடமிட்டு மறைக்கவில்லை. தாம் செய்வது சமயத்தின் உணர்ச்சி வடிவத்தை எடுத்துக்கொள்வது என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். லோவித் கூறும் அறியாமல் நிகழ்ந்த இடப்பெயர்ச்சி இங்கில்லை. திட்டமிட்டே எடுத்தாண்டனர்.

அலெக்சாந்தர் போக்தானவ் இக்குழுவோடு நெருங்கியிருந்த மருத்துவர்; சமயச் சொற்களை அவர் விரும்பவில்லை. ‘சிவப்பு நட்சத்திரம்’ (1908) என்னும் அவரது நாவலில் செவ்வாய்க் கோளின் மாந்தர் ஒருவர்க்கொருவர் குருதியை மாற்றிக்கொண்டு இளமையை நீட்டிக்கின்றனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1926-இல், மாஸ்கோவில் குருதியேற்று ஆய்வுக்கென நிறுவனம் ஒன்றை அமைத்து, தம் உடலிலேயே சோதனைகளைத் தொடர்ந்தார். 1928-இல் காசநோயும் மலேரியாவும் உற்ற மாணவர் ஒருவருடன் குருதி மாற்றிக்கொண்டபின் நோயுற்று, ஏப்ரல் 7 அன்று இறந்தார். மாணவர் பிழைத்தார். குருதி வழியாக மாந்தர் தோழமையில் ஒன்றாவர் என்னும் எண்ணத்தில் நற்கருணையின் சாயலைக் காண்பது எளிது. ஆனால் நம்பியவர் தம் நம்பிக்கையைப் பொய்ப்பிக்கக்கூடிய சோதனைக்கு உட்படுத்தினார், அது பொய்த்தது, நிறுவனமோ சாதாரண மருத்துவப் பணியில் தொடர்ந்தது என்னும் நிகழ்ச்சி வரிசைக்குச் சமய வரலாற்றில் இணை காண்பது எளிதன்று.

இதே காலத்தில் உயிர்ப்பிரபஞ்சவாதிகள் என்னும் சிறு குழுவினர், மரணமின்மையும் பிரபஞ்ச வெளியில் தங்குதடையின்றிச் செல்லும் உரிமையும் மனிதனின் அடிப்படை உரிமைகள் என்று அறிக்கைகள் வெளியிட்டனர். 1922-இல் பெத்ரொகிராதில் ‘மரணமின்மை’ என்னும் இதழும் வந்தது. புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளின் வெப்பத்தைக் காட்டும் சான்று என்பதற்கு மேல் இக்குழுவுக்கு அழுத்தம் தரவேண்டியதில்லை.

லெனின் நினைவகம்: சான்றின் எல்லை

1924 ஜனவரி 21 அன்று லெனின் இறந்தார். உடலைப் பேணும் முடிவு, பிரபஞ்சவாத நம்பிக்கையின் நேர்விளைவு என்று அடிக்கடி கூறப்படுகிறது. நைனா டுமார்க்கின் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பைக் கவனத்திற்குக் கொண்டுவந்தது. ஜான் கிரேயின் 2011-ஆம் ஆண்டு நூல் அதனைப் பரவலாக்கியது. இதற்கான சான்றின் மையம் லியோனீத் கிராசின். பொறியாளரும் முன்பு போக்தானவின் கூட்டாளியுமான அவர், 1921-இல் வேதியியலாளர் லெவ் கார்ப்பவின் இறுதிச் சடங்கில், வருங்கால அறிவியல் பெரும் மாந்தரை மீண்டும் உயிர்ப்பிக்கும் என்று பேசியதாக ஒல்மீன்ஸ்கி பதிவு செய்துள்ளார். லெனின் உடலைக் குளிரூட்டிப் பேணும் முயற்சியை முன்னெடுத்தவரும் கிராசினே. அம்முயற்சி வெற்றிபெறவில்லை. உடற்கூற்றியலாளர் வொரபியோவும் உயிர்வேதியியலாளர் ஸ்பார்ஸ்கியும் 1924 மார்ச் முதல் ஜூலை வரை உழைத்து வேதிமுறையால் உடலை நிலைப்படுத்தினர். ஆகஸ்ட் 1 அன்று நினைவகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இறுதிச் சடங்கிற்கென அமைந்த குழு, லெனின் நினைவை மரணமற்றதாக்கும் குழு என்று பெயர் மாற்றம் பெற்றது.

இவை யாவும் உண்மை. இவற்றிலிருந்து, லெனினைப் பின்னர் உயிர்த்தெழுப்பும் நோக்கத்தோடுதான் உடல் பேணப்பட்டது என்னும் முடிவு பெறப்படுமா? கிராசினின் நம்பிக்கை கிராசினுடையது. குழுவில் பிறர் இருந்தனர்; அக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் திசெர்ஜீன்ஸ்கி. கடுங்குளிரில் வரிசையில் நின்ற பெருந்திரள் காண விரும்பியது, அடக்கம் தள்ளிப்போனது, தள்ளிப்போனதால் பேணவேண்டிய தேவை எழுந்தது என்னும் படிப்படியான விளக்கம் நிகழ்ச்சிகளோடு நன்கு பொருந்துகிறது. மேலும், உடலைக் குளிரூட்டாமல் வேதிப்பொருள்களில் ஊறவைப்பது உயிர்ப்பிக்கும் நோக்கத்துக்கு உதவுவதன்று. ‘மரணமற்றதாக்கல்’ என்னும் ரஷ்யச் சொல் நினைவைப் போற்றுதல் என்னும் வழக்கமான பொருளிலும் வழங்குவது. ஆகவே ஃபியோதரவிலிருந்து நினைவகத்துக்கு நேர்க்கோடு வரைவது சான்றுக்கு மீறிய துணிபு எனலாம்.

ஆயினும் வேறொரு வழியில் சமயம் அங்கே வந்து சேர்ந்தது. புரட்சி அரசு 1918 முதல் 1920 வரை புனிதர்களின் பேழைகளைத் திறந்து, உள்ளிருப்பது அழியா உடலன்று, எலும்பும் துணியுமே என்று மக்களுக்குக் காட்டியது. 1919 ஏப்ரலில் ராதோனெஷ் செர்கியின் பேழை திறக்கப்பட்டது. அதன்பின் ஐந்து ஆண்டுகளில் அழியாத உடலொன்று செஞ்சதுக்கத்தில் வைக்கப்பட்டது. அவ்விடம் மெக்காவையும் எருசலேமையும் விஞ்சும் சிறப்புப் பெறும் என்று கிராசினே எழுதினார். லெனினின் மனைவி க்ரூப்ஸ்கயா, நினைவுச் சின்னங்கள் வேண்டா, மழலையர் காப்பகங்களும் பள்ளிகளும் கட்டுங்கள் என்று ‘பிராவ்தா’ நாளிதழ் வழியே கேட்டுக்கொண்டார். எமில் துர்க்கைம் 1912-இல் தந்த இலக்கணம், புனிதமானவற்றைச் சுற்றி ஓர் அறச் சமூகத்தை இணைக்கும் நம்பிக்கைகளும் நடைமுறைகளுமே சமயம் என்பது. அவ்விலக்கணத்தின்படி நினைவகம் சமயம். இரண்டு மாணாக்கரோடு நூலகத்தில் அமர்ந்திருந்த ஃபியோதரவ் சமயம் அல்லர். எதிர்காலத்தைப் பற்றி மிக உறுதியாக நம்பியவரிடம் சமயத்தின் சமூக வடிவம் இல்லை. அவ்வடிவம் வாய்த்த நினைவகமோ எதிர்காலத்தைவிட இறந்தகாலத்தையே நோக்கியிருந்தது. ‘தொழில்நுட்ப நம்பிக்கை சமயத்தை ஒத்ததா’ என்னும் வினா, எந்தச் சமயத்தை, சமயத்தின் எப்பகுதியை என்று பிரித்துக் கேட்கப்படாவிட்டால் விடைபெறாது என்பதற்கு இம்முரண் போதிய சான்று.

காலக்கெடு: 1961

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். (ஃபியோதரவின் தந்தையின் குடும்பப்பெயரும் ககாரின் என்பது தற்செயல், ஸ்மொலேன்ஸ்க் உழவர் மகனுக்கும் அவ்விளவரசர் குடிக்கும் உறவில்லை.) அதே ஆண்டு ஜூனில் கலுகாவில் சியோல்கோவ்ஸ்கி அருங்காட்சியகத்துக்கு ககாரின் அடிக்கல் நாட்டினார். குருஷேவ் ஆட்சியில் ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. விண்ணில் கடவுளைக் காணவில்லை என்னும் செய்தி நாத்திகப் பரப்புரையின் கருவியாயிற்று. விண்வெளிச் சாதனை, சமயத்துக்கு மாற்றாக அரசாலேயே முன்னிறுத்தப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் கூடிய கட்சியின் 22-ஆம் பேராயம் மூன்றாம் திட்டத்தை ஏற்றது. இருபது ஆண்டுகளில் தொழிலுற்பத்தி ஆறு மடங்குக்குக் குறையாமல் உயரும். குடியிருப்புக்கு வாடகையும் நகரப் போக்குவரத்துக்குக் கட்டணமும் இரா. 1980-க்குள் கம்யூனிசத்தின் அடித்தளம் அமைக்கப்படும். இன்றைய தலைமுறையே கம்யூனிசத்தில் வாழும் என்று திட்டம் அறிவித்தது. கடைசி வாக்குறுதி கூர்ந்து நோக்கத்தக்கது. கூட்டுப்பண்ணை இயக்கத்தின்போதும் 1932–33 பஞ்சத்தின்போதும் பல இலட்சம் மக்கள் வருங்காலத்தின் பெயரால் மாண்டிருந்தனர். அவர்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லை, இருத்தலும் இயலாது. ஆனால் இன்று வாழ்வோரையேனும் கற்சிலைகளாக்கமாட்டோம் என்னும் உறுதிமொழி அதிலிருந்தது. ஹெர்சனின் வினாவுக்குச் சோவியத் ஆட்சி அளித்த, காலங்கடந்த, பாதி விடை எனலாம்.

காலக்கெடு குறித்ததே அத்திட்டத்தைச் சமய வாக்குறுதியிலிருந்து வேறுபடுத்தியது. நாளும் நாழிகையும் யாரும் அறியார் என்று சொல்லும் இறுதிக்காலவியலைப் பொய்ப்பிக்க இயலாது. 1980 என்று சொன்னவரிடம் 1980-இல் கணக்குக் கேட்கலாம். மக்கள் கேட்கவும் செய்தனர். திட்டம் நகைச்சுவைத் துணுக்குகளின் பொருளாயிற்று.

அதே பேராயத்தில், அக்டோபர் 30 அன்று, மூத்த போல்ஷெவிக்கான தோரா லசூர்க்கினா பேசினார். ஸ்டாலின் ஆட்சியில் பல ஆண்டுகள் சிறையிலும் முகாமிலும் துன்புற்றவர் அவர். முதல்நாள் தாம் லெனினிடம் கலந்துரையாடியதாகவும், லெனின் உயிரோடு தம் முன் நிற்பதுபோல் தோன்றி, கட்சிக்கு இத்தனை கேடு விளைத்த ஸ்டாலினின் பக்கத்தில் கிடப்பது தமக்கு ஒவ்வவில்லை என்று கூறியதாகவும் அவர் தெரிவித்தார். அவை கைதட்டியது. மறுநாள் இரவு ஸ்டாலினின் உடல் நினைவகத்திலிருந்து அகற்றப்பட்டது. கட்சித் திட்டம் நிறைவேறியதும் அந்த அக்டோபர் 31-ஆம் நாளில்தான். ஆறு மடங்கு உற்பத்திக்கு வாக்களித்தவர்களும் இறந்தவரின் சொல்லைக் கேட்டுக் கைதட்டியவர்களும் ஒரே அவையினர்.

1986 மார்ச்சில் 27-ஆம் பேராயம் அத்திட்டத்தின் திருத்திய பதிப்பை ஏற்றது. சோஷலிசத்தைச் செம்மைப்படுத்துவது பற்றி அது விரிவாகப் பேசிற்று. கம்யூனிசம் இலக்காகவே தொடர்ந்தது. 1961-இல் குறித்த ஆண்டு மட்டும் அதில் இடம்பெறவில்லை. வேறோர் ஆண்டும் குறிக்கப்படவில்லை.